சிற்றூரில் மோட்டார் கார்

மோட்டார் கார் ஓடுவதற்குப் பெட்ரோல் மட்டும் போதாது. வைத்திருப்போரின் விழிப்பும் வேண்டும். நகரத்தில் கார் நின்றுவிட்டால், கூப்பிடு தொலைவில் பழுது பார்க்கும் கடை இருக்கும். இராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூர்கள் பலவற்றில், நெடுந்தொலைவு சென்றால்தான் அத்தகைய கடையைக் காணலாம். ஆதலின் அங்கே சிறு குறையும் பெருந்தொல்லையாக வளர்ந்துவிடுகிறது.

முதற்பகை முள். கண்மாய்க் கரைகளிலும் தரிசு நிலங்களிலும் சீமைக் கருவேலம் அடர்ந்துள்ளது. விறகு வெட்டிச் செல்வோர் பாதையில் உதிர்த்த முள், டயரில் தைத்து, மெல்ல மெல்லக் காற்றைப் போக்கிவிடும். மாலையில் செம்மையாக நின்ற கார், விடியற்காலையில் ஒருபுறம் சாய்ந்து நிற்கும்.

அடுத்தது தண்ணீர். உப்பும் சுண்ணமும் மிகுந்த கிணற்று நீரை ரேடியேட்டரில் ஊற்றிவந்தால், வெந்நீர்ப் பானையில் படிவதுபோல் அதனுள்ளும் சுண்ணம் படியும். நுண்ணிய குழாய்கள் அடைபடும், எஞ்சின் கொதிக்கும். பதற்றத்தில் உடனே மூடியைத் திறப்பவர், சீறியெழும் நீராவியால் கை வெந்து வருந்துவர்.

எலியும் ஓர் எதிரியே. பல நாள் ஓடாது நிற்கும் காரின் எஞ்சின் அருகே அது கூடு கட்டும். மின்கம்பிகளின் உறையைக் கடிக்கும். அறுவடைக் காலத்திலோ, சாலையில் பரப்பிய கதிர்த்தாள் காரின் அடியில் சுற்றிக்கொள்ளும். சூடேறிய புகைக்குழாயில் பட்டால் அது தீப்பற்றவும் கூடும்.

இத்தொல்லைகளைத் தடுக்கப் பெரும்புலமை வேண்டுவதில்லை. காலையில் கால்மணி நேரம் செலவிட்டால் போதும். டயரில் காற்று உளதா, ரேடியேட்டரில் நல்ல நீர் உளதா என்று பார்த்தல், பாட்டரி முனைகளில் பூத்த வெண்பொடியைத் துடைத்தல், எஞ்சின் மூடியைத் திறந்து எலி புகுந்த சுவடு தேடுதல், காரின் அடியில் சிக்கிய தாளைக் களைதல் ஆகியவை எவருக்கும் எளியனவே. 1958 முதல் 2014 வரை உருவாக்கப்பெற்ற அம்பாசிடர் கார்கள் பல, இத்தகைய எளிய பேணலாலேயே சிற்றூர்களில் நெடுங்காலம் உழைத்தன.

சிற்றூரில் கார் ஒருவர் உடைமையாயினும், இடர் நேர்ந்தபோது அஃது ஊராருக்கெல்லாம் உரியதாகிறது. 2008-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் பணி தொடங்கியது. எனினும், அது வந்து சேரும்வரை காத்திருக்க இயலாத வேளைகளும் உண்டு. நள்ளிரவில் பாம்பு தீண்டியவரை ஏந்திக்கொண்டு ஊரார் வந்து நிற்கும்போது, கார் உடனே புறப்பட வேண்டும். எலி கடித்த ஒரு கம்பி அவ்வேளையில் ஓர் உயிருக்கே இடையூறாகிவிடும். அன்று காலையில் செலவிட்ட கால்மணி நேரத்தின் அருமை அப்போதுதான் விளங்கும்.