முதல் பந்துக்கு முன்னால்

விளையாட்டைப் பற்றி எழுதும் யோக்கியதை எனக்குக் கிடையாது. இதை ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டு விடுவது நல்லது. கூடைப்பந்து மைதானத்தின் ஓரமாக நான் நடந்து போகும்போது பந்து உருண்டு வந்து காலடியில் நின்றால், எடுத்துப் பிள்ளைகளிடம் எறிவேன். அதுவும் அவர்கள் நிற்கிற திசையில் போகாது. அந்த ஆட்டத்துக்கும் எனக்கும் உள்ள உறவு அவ்வளவுதான்.

அப்பேர்ப்பட்டவன் சில மாதங்களாக ஒரு கூடைப்பந்துப் புகைப்படத்தை மேஜை மேல் வைத்துக்கொண்டிருக்கிறேன். படத்தில் யாரும் எகிறிக் குதிக்கவில்லை. யாரும் பந்தைக் கூடையில் போடவில்லை. இரண்டு வாலிபர்கள் கை குலுக்கிக்கொள்கிறார்கள். ஒருவர் கறுப்பினத்தவர், மற்றவர் வெள்ளையர். சென்ற வாரம் வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதில் என்ன சார் இருக்கிறது? ஆட்டத்துக்கு முன்னால் எல்லோரும் செய்கிற காரியம்தானே?" என்று கேட்டார்.

"இதற்குப் பின்னால் ஒரு கவர்னர் இருக்கிறார், ஒரு கோர்ட்டுத் தடையுத்தரவு இருக்கிறது, விடியற்காலையில் ஒரு திருட்டுப் பயணம் இருக்கிறது" என்றேன். நண்பர் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவரிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்திச் சொல்கிறேன்.

லயோலா என்றதும் நம்மவர்களுக்கு நுங்கம்பாக்கத்துக் கல்லூரி நினைவுக்கு வரும். நான் சொல்வது சிகாகோ நகரத்து லயோலா. அதுவும் ஏசு சபைப் பாதிரிமார்கள் ஏற்படுத்தியதுதான். 1963-ஆம் வருஷம் அந்தக் கலாசாலையின் கூடைப்பந்து அணி அமெரிக்காவின் தேசியக் கல்லூரிப் போட்டியில் நுழைந்தது. ஒரு தோல்வி வந்தால் பட்டத்தின் ஆசை அத்தோடு முடிந்தது என்பது அந்தப் போட்டியின் விதி. பட்டம் வேண்டுமானால் மார்ச் 11-ஆம் தேதி தொடங்கி 23-ஆம் தேதிக்குள் ஐந்து ஆட்டங்கள் ஆட வேண்டும். ஐந்திலும் ஜெயிக்க வேண்டும்.

ஆட்டங்கள் கஷ்டமாக இருந்ததோடு போகவில்லை. அந்த அணி களத்தில் இறங்குவதே பலருக்குக் கஷ்டமாக இருந்தது. முதலில் இறங்கும் ஐவரில் கறுப்பின ஆட்டக்காரர்கள் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர் என்று அந்த நாளில் ஓர் எழுதாத கணக்கு இருந்தது. லயோலாவின் பயிற்சியாளர் ஜார்ஜ் அயர்லாந்து நான்கு பேரை இறக்கினார். 1962 டிசம்பரில் வயோமிங் அணியுடன் ஆடியபோது ஒரு கட்டத்தில் ஐந்து பேருமே கறுப்பினத்தவர்கள். தெற்கே ஹூஸ்டன் நகரத்துக்கு ஆடப் போனபோது பார்வையாளர்கள் வசை பாடினார்கள். கையில் கிடைத்ததை வீசினார்கள். நியூ ஆர்லியன்ஸில் ஒரு முறை அணியின் ஒரு பாதிக்கு ஓட்டலில் இடம். மறு பாதிக்கு இல்லை. ஒரே சட்டை போட்டுக்கொண்டு ஒரே பந்தைத் துரத்துகிறவர்கள், ராத்திரி ஆனதும் இரண்டு திசையில் படுக்கப் போனார்கள்.

முதல் ஆட்டத்தில் லயோலா டென்னசி டெக் அணியை 111-42 என்று வென்றது. 69 புள்ளி வித்தியாசம்! அந்தப் போட்டியின் சரித்திரத்தில் அவ்வளவு பெரிய வெற்றி வேறு கிடையாது.

கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எந்தச் சம்பவத்தைக் கேட்டாலும், "இதில் உச்சக்கட்டத்தை எங்கே வைக்கலாம்?" என்று மனம் தேட ஆரம்பித்துவிடும். இந்தச் சம்பவத்தில் தேட வேண்டிய சிரமமே இல்லை. கடைசி ஆட்டம் இருக்கிறதே! மார்ச் 23, லூயிவில் நகரம். எதிரே 1961-லும் 1962-லும் பட்டம் வென்றிருந்த சின்சினாட்டி. லயோலாவின் தலைவர் ஜெரி ஹார்க்னஸ் முதல் பாதியில் ஒரு கூடைகூடப் போடவில்லை. இரண்டாம் பாதியில் லயோலா 15 புள்ளி பின்னால் கிடந்தது. அப்புறம் ஒவ்வொன்றாக எட்டிப் பிடித்து, கடைசிச் சில விநாடிகளில் அதே ஹார்க்னஸ் பந்தைப் போட்டு 54-54 என்று சமன் செய்தார். கூடுதலாக ஐந்து நிமிஷம் ஆட்டம். அதன் கடைசி விநாடியில் குறி தவறித் திரும்பிய பந்தை விக் ரௌஸ் எட்டிப் பிடித்து மறுபடி கூடையில் தள்ளினார். 60-58. மாற்று ஆள் ஒருவரைக்கூட இறக்காமல், அந்த ஐந்து பேரே 45 நிமிஷமும் ஆடி முடித்தார்கள்.

இதை நான் கதையாக எழுதியிருந்தால், "கொஞ்சம் நம்பும்படி எழுதக் கூடாதா?" என்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

ஆனால் மேஜை மேல் இருக்கும் படம் அந்த ஆட்டத்தில் எடுத்ததல்ல. அது இரண்டாவது ஆட்டத்தில், அதுவும் முதல் பந்தை எறிவதற்கு முன்னால் எடுத்தது.

இரண்டாவது ஆட்டத்தில் லயோலாவை எதிர்க்க வேண்டியிருந்தது மிஸிஸிப்பி ஸ்டேட் என்ற தென்னாட்டு அணி. அணி முழுவதும் வெள்ளையர்கள். அவர்கள் படித்த சர்வகலாசாலையும் அப்படித்தான். இந்த அணி 1959-லும், 1961-லும், 1962-லும் தன் வட்டாரத்தில் முதலிடம் பெற்றது. மூன்று முறையும் தேசியப் போட்டிக்குப் போகவில்லை. வேறு அணி போயிற்று. காரணம் காயமல்ல, பணமில்லாமையும் அல்ல. அங்கே போனால் கறுப்பின ஆட்டக்காரர்களோடு ஆட வேண்டிவரும். மிஸிஸிப்பியில் அதற்கு இடமில்லை. அதைச் சட்டப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. எழுதாத சட்டம்தான் எப்போதும் அதிக கண்டிப்பாக அமலாகிறது.

யோசித்துப் பாருங்கள். வருஷம் முழுவதும் வியர்வை சிந்தி முதலாவதாக வருவது. வந்த பிறகு வீட்டில் உட்கார்ந்து, தங்களிடம் தோற்றவர்கள் போட்டிக்குப் போவதைப் பார்ப்பது. கஷ்டமான ஆட்டங்கள் என்று நாம் பேசுகிறோம். ஆடவே விடாத ஆட்டங்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

1963-லும் அவர்கள் முதலிடத்துக்கு வந்தார்கள். அது எப்படிப்பட்ட சமயம் என்பதையும் சொல்ல வேண்டும். ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவர் அதே மாநிலத்து மிஸிஸிப்பி சர்வகலாசாலையில் சேர வந்ததற்காக, 1962 செப்டம்பர் கடைசியில் கலவரம் மூண்டு இரண்டு உயிர்கள் போயிருந்தன. அவரைச் சேர்க்க விடமாட்டேன் என்று நின்ற ராஸ் பார்னெட்தான் இன்னும் கவர்னர். இந்தச் சூழ்நிலையில், மிஸிஸிப்பி ஸ்டேட்டின் தலைவர் டீன் கால்வர்ட், "இந்தத் தடவை நம் பிள்ளைகள் போவார்கள்" என்று அறிவித்தார். கவர்னர் தமக்குச் சம்மதமில்லை என்றார். கல்லூரிகளின் நிர்வாக போர்டு ஓட்டெடுத்து அனுமதித்தது. புறப்படுகிற சமயத்தில் ஓர் உள்ளூர்க் கோர்ட்டு தடையுத்தரவு போட்டுவிட்டது. அணி மாநில எல்லையைத் தாண்டக் கூடாது!

உத்தரவு கையில் கொடுக்கப்பட்டால்தானே கட்டுப்பட வேண்டும்? கால்வர்ட் அண்டை மாநிலமான அலபாமாவுக்குப் போய்விட்டார். பயிற்சியாளர் பேப் மெக்கார்த்தி காரில் ஏறி டென்னசிக்கு நழுவினார். மறுநாள் காலை மாற்று ஆட்டக்காரர்கள் சிலர் முதலில் விமான நிலையத்துக்குப் போய் நோட்டம் பார்த்தார்கள். ஷெரீபின் ஆட்கள் யாரும் மறிக்கவில்லை என்று தெரிந்ததும் முக்கியமான ஆட்டக்காரர்கள் வந்து விமானம் ஏறினார்கள். நாஷ்வில்லில் பயிற்சியாளர் சேர்ந்துகொண்டார். அங்கிருந்து வடக்கே மிச்சிகன் மாநிலத்துக்குப் பறந்தார்கள். பின்னால் மேல்கோர்ட்டு நீதிபதி ஒருவர் அந்தத் தடையை நிறுத்தி வைத்தார். பந்து விளையாடப் போகிற இருபது வயதுப் பிள்ளைகள், சிறையிலிருந்து தப்புகிறவர்களைப் போல ஊரைவிட்டுப் போக வேண்டியிருந்தது.

இந்தப் பக்கம் ஹார்க்னஸுக்கும் நிம்மதி இல்லை. அவருக்கு மிரட்டல் கடிதங்கள் வந்திருந்தன, தங்கியிருந்த விடுதி விலாசத்துக்கே. அதைப் படித்துவிட்டு ஒருவன் தூங்க வேண்டும். மறுநாள் ஓட வேண்டும். குறி பார்த்துப் பந்து போட வேண்டும்.

மார்ச் 15-ஆம் தேதி, ஈஸ்ட் லான்சிங் நகரத்து அரங்கம். ஹார்க்னஸ் மைதானத்தின் நடுவுக்கு வந்தார். மிஸிஸிப்பி அணித் தலைவர் ஜோ டான் கோல்ட் எதிரே வந்து கையை நீட்டினார். இருவரும் கை குலுக்கியபோது காமிரா வெளிச்சங்கள் பளிச் பளிச்சென்று மின்னின. அந்த வெளிச்சத்தில்தான் இது வெறும் ஆட்டமல்ல என்று தமக்கு உறைத்ததாக ஹார்க்னஸ் பிற்காலத்தில் பல முறை சொல்லியிருக்கிறார்.

அப்புறம் நடந்தது சாதாரணக் கூடைப்பந்து. மிஸிஸிப்பி நிதானமாக ஆடி முதல் ஏழு புள்ளிகளையும் தானே எடுத்தது. லயோலா மெதுவாகச் சுதாரித்துக்கொண்டது. இரண்டாம் பாதியில் மிஸிஸிப்பியின் சிறந்த ஆட்டக்காரர் லீலண்ட் மிச்செல் ஐந்து தவறுகள் செய்து வெளியேற நேர்ந்தது. 61-51 என்று லயோலா ஜெயித்தது. அடிதடி இல்லை, வசை இல்லை, வானம் இடிந்து விழவும் இல்லை. மறுநாள் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் மிஸிஸிப்பி, கறுப்பின ஆட்டக்காரர்கள் இருந்த இன்னோர் அணியோடு ஆடி ஜெயித்துவிட்டு ஊர் திரும்பியது.

இதைக் கேட்ட நண்பர், "ஒரு கைகுலுக்கலால் உலகம் மாறிவிட்டதாக்கும்?" என்றார். நியாயமான கேள்வி. மாறவில்லை. அடுத்த மூன்று மாதத்துக்குள், 1963 ஜூன் 12-ஆம் தேதி, மெட்கர் எவர்ஸ் என்ற கறுப்பினத் தலைவரை அதே மிஸிஸிப்பியில் அவர் வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றார்கள். மிஸிஸிப்பி ஸ்டேட்டில் முதல் கறுப்பின மாணவர் சேர்ந்தது 1965-ல்தான். கை குலுக்கியவர்கள் சட்டத்தை மாற்றவில்லை. இப்படி ஆடினால் என்ன ஆகும் என்று பயமுறுத்திக்கொண்டிருந்தவர்களுக்கு, ஒன்றும் ஆகாது என்று காட்டினார்கள். அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவைச் செய்ய அதற்கு முன் மூன்று முறை ஆள் இல்லாமல் போயிற்றே!

எனக்கு இந்தப் படம் ஏன் இப்படி ஒட்டிக்கொண்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் எனக்கு ஒரு சிநேகிதன் இருந்தான். பரீட்சை முடிந்த அன்று வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னான். அவன் அம்மா எனக்காகவே சமைத்து வைத்திருந்தாள். எங்கள் வீட்டில் தெரிந்தால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். யாரும் என்னைத் தடுக்கவில்லை. தடையுத்தரவு எதுவும் வரவில்லை. நானாகவே தலைவலி என்று சொல்லிவிட்டேன். அவன் என்னைக் கோபித்துக்கொள்ளவும் இல்லை, மறுபடி கூப்பிடவும் இல்லை. பெரியவர்களுக்கு மரியாதை கொடுத்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆட்டத்துக்குப் போகாமல் இருப்பதற்கு எல்லோருக்கும் ஒரு மரியாதையான காரணம் கிடைத்துவிடுகிறது.

எதிராளியோடு ஆடுவது கஷ்டம்தான். அதற்குப் பயிற்சி உண்டு, பயிற்சியாளர் உண்டு. "அவனோடு உனக்கு என்ன ஆட்டம்?" என்று கேட்கிற நம் மனிதர்களைத் தாண்டிக்கொண்டு மைதானத்துக்குப் போவதற்குத்தான் யாரும் பயிற்சி கொடுப்பதில்லை. லயோலாவுக்கு அந்த மார்ச்சில் ஐந்து ஆட்டங்கள். மிஸிஸிப்பிப் பிள்ளைகளுக்குப் பட்டத்துக்கான ஆட்டம் ஒன்றே ஒன்றுதான், அதிலும் தோற்றார்கள். இருந்தாலும் இரண்டு அணியில் யாருக்குக் கஷ்டம் அதிகம் என்று கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. ஹார்க்னஸ் மிரட்டல் கடிதங்களை மடித்து வைத்துவிட்டு வந்தார்; கோல்ட் தம் ஊரின் உத்தரவுக்குத் தப்பி வந்தார். அவரவர் பாரம் அவரவருக்கு. சந்தித்த இடம் மட்டும் ஒன்று.

ஜோ டான் கோல்ட் 2011-ல் காலமானார். ஹார்க்னஸ் அந்தச் சாவுக்குப் போயிருந்தார். பிறகு அவரும் 2021-ல் மறைந்தார். கோல்டின் இறுதிச் சடங்கில் அவர் உள்ளே நுழைந்தபோது சவப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு புகைப்படம் வைத்திருந்தார்களாம். இதோ, என் மேஜை மேல் இருக்கும் இதே படம். கோல்ட் தம் வட்டாரத்தில் முதலிடம் வாங்கியவர். எத்தனையோ ஆட்டங்களில் ஜெயித்தவர். அந்த வீட்டார் கடைசியில் அவர் பக்கத்தில் வைக்கத் தேர்ந்தெடுத்தது, அவர் தோற்றுப் போன ஓர் ஆட்டத்தின் படத்தை.