ஒரே பிரதி உள்ள புத்தகம்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே எப்போதும் நெரிசல்தான். அங்கிருந்து சுமார் 7 கிலோமீட்டர் போனால் சிதறால். சத்தமெல்லாம் அடங்கிவிடும். கல் பாவிய பாதையில் மூச்சு வாங்க ஏறினால், மேலே பெரிய பாறை ஒன்று குடைபோலக் கவிந்து நிற்கிறது.

அதன் முகத்தில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்கள். நாகம் குடைபிடிக்கப் பார்சுவநாதர், சிங்கத்தோடு அம்பிகா. எல்லாம் 9-ம் நூற்றாண்டுச் சிற்பங்கள். பல உருவங்களுக்கு அடியில், அதைச் செய்வித்தவரின் பெயரும் ஊரும் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கல்லால் ஆன புத்தகப் பக்கம் என்றே சொல்லலாம்.

13-ம் நூற்றாண்டில் இந்த இடம் பகவதி கோயிலாக மாறியது. ஆனால், பழைய பக்கத்தை யாரும் சுரண்டி எடுக்கவில்லை. பகவதிக்குப் பக்கத்திலேயே மகாவீரரும் பார்சுவநாதரும் இருக்கிறார்கள்.

பழையதை வைத்துக்கொண்டே புதியதைப் படைக்கும் இந்த வேலையை, அச்சடித்த புத்தகத்தில் செய்தவர் லண்டன் ஓவியர் டாம் பிலிப்ஸ். 1966-ல் பழைய நாவல் ஒன்றை வெறும் மூன்று பென்னிக்கு வாங்கினார். மேலாக் என்பவர் எழுதி 1892-ல் வெளிவந்த ‘எ ஹ்யூமன் டாக்குமென்ட்’ அது. பக்கத்துக்குப் பக்கம் சில சொற்களை மட்டும் விட்டுவைத்து, மற்றவற்றின் மேல் வண்ணம் தீட்டினார். மிஞ்சிய சொற்களைச் சேர்த்துப் படித்தால் வேறொரு கதை! தலைப்பிலும் நடு எழுத்துகளை நீக்கி, ‘எ ஹ்யூமுமென்ட்’ என்று பெயர் வைத்தார். ஒருமுறை முடித்ததோடு விடவில்லை. அதே பக்கங்களை மறுபடி மறுபடி புதிதாக வரைந்தார். இறுதிப் பதிப்பு வந்தது 2016-ல். 50 வருட உழைப்பு!

எடைக்குப் போடவிருக்கும் பழைய புத்தகம் இருந்தால் நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரு பக்கத்தில் பிடித்த சொற்களைப் பென்சிலால் கட்டம் கட்டுங்கள். மீதி இடத்தில் படம் வரைந்து வண்ணம் தீட்டுங்கள். குட்டீஸ் விடவே மாட்டார்கள். ஒன்று மட்டும் கவனம்: தாத்தா கையெழுத்திட்ட புத்தகம், வேறெங்கும் கிடைக்காத புத்தகம் என்றால் தொடாதீர்கள். பிலிப்ஸுக்கு அந்த நாவலின் வேறு பிரதிகள் கிடைத்தன.

சிதறால் பாறைக்கு வேறு பிரதி இல்லை. அங்கே போய் நின்றதும் சாவியாலோ கல்லாலோ பெயரைக் கிறுக்கக் கை பரபரத்தால், அதை வீட்டிலிருக்கும் பழைய புத்தகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பெயர் எழுத வேண்டியவர்கள் 1,100 வருடங்களுக்கு முன்பே எழுதிவிட்டார்கள்.