நரிக்கு எந்த ரவை?
ஆரணிக்குப் பட்டுப் புடவை வாங்கப் போகிறீர்களா? பஸ் நிலையத்தில் பாசிமணி விற்கும் நரிக்குறவர்களைக் கண்டால் சற்று நில்லுங்கள். இவர்களுடைய பாட்டன்மார் வேட்டையில் கெட்டிக்காரர்கள். ரைபிளுக்குப் போல் அளவு பார்த்துத் தோட்டா வாங்க வேண்டியதில்லை. நாட்டுத் துப்பாக்கியின் வாய் வழியே மருந்தையும் ரவையையும் போட்டுக் கம்பியால் இடிப்பார்கள். (உப்புமா ரவை அல்ல, அம்மா, ஈயக் குண்டு!) காடைக்குப் பொடி ரவை. நரிக்கு அது போதாது. பாவம், குற்றுயிராய் ஓடும். ஆகையால் பருத்த ரவை, எண்ணிக்கையில் குறைவாக.

1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு அந்தக் கணக்குத் தீர்ந்தது. யாராவது, "நரிக்கொம்பு, அதிர்ஷ்டம்!" என்று நீட்டினால் வாங்காதீர்கள். நரிக்குக் கொம்பே கிடையாது. நரியின் உறுப்பை வாங்குவதும் குற்றம். அந்தக் காசுக்கு இரண்டு சரம் பாசிமணி வாங்குங்கள். புதுப் புடவைக்கு எடுப்பாயிருக்கும்.