நவிர மலைக்கு வருமுன்

போளூர்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. தை மாதம் பிள்ளைகளோடு வருகிறேன், பர்வதமலை ஏறியே ஆகவேண்டும் என்று போனில் சொன்னாய். போனில் நான் சொன்னது பாதி உன் காதில் ஏறியிருக்காது. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒன்று. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைப் பார்க்கிற கண்ணோடு இங்கே வராதே, ஏமாந்து போவாய். ஜவ்வாது மலைத்தொடரை ஒட்டி, கிழக்கே தனியாக எழுந்து நிற்கிற மலை இது. உயரம் சுமார் 4,500 அடி என்பார்கள். உச்சியில் இருப்பது சின்னக் கற்கோயில்தான். வானளாவிய கோபுரமோ சுற்றிவரப் பெரிய பிராகாரமோ கிடையாது. சுவாமி மல்லிகார்ஜுனர், அம்பாள் பிரமராம்பிகை. ஆந்திரத்து ஸ்ரீசைலத்திலும் இதே பெயர்கள்தான், அந்த மலைக்கும் பருப்பதம் என்றே பெயர். இங்கே இன்னொரு விசேஷம், பக்தர்களே லிங்கத்தைத் தொட்டு, தண்ணீர் ஊற்றி, பூப்போட்டுக் கும்பிடுவது வெகுகால வழக்கம்.

என்னைக் கேட்டால் இந்தக் கோயிலின் கட்டடக் கலை அதன் பாதையில்தான் இருக்கிறது. தென்மாதிமங்கலம் அடிவாரத்தில் பச்சையம்மனையும் வீரபத்திரரையும் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினால் முதலில் படிக்கட்டு, பிறகு மரங்களுக்கு நடுவே கரடுமுரடான கல்வழி. உச்சி நெருங்கும்போதுதான் சோதனை. செங்குத்துப் பாறையில் துளைபோட்டுக் கடப்பாறைகளை அடித்து இறக்கியிருக்கிறார்கள். ஒன்றில் கால் வைத்து அடுத்ததைப் பிடித்து ஏறவேண்டும். பக்கத்தில் இரும்புச் சங்கிலி. அதைத் தாண்டினால் தண்டவாளப் படி, ஏணிப்படி. வருஷக்கணக்காகக் கைபட்டுக் கைபட்டு அந்த இரும்பு வழவழவென்று ஆகியிருக்கும். வெயில் ஏறினால் தொட முடியாது. கோயிலைக் கட்டியவன் பெயர் எங்காவது இருக்கட்டும், முதல் கடப்பாறையை அடித்தவன் எதைப் பிடித்துக்கொண்டு நின்றான் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்!

கிளம்புமுன் மலைபடுகடாம் ஒருமுறை படித்துவிட்டு வா. பள்ளிக்கூடத்தில் பெயரை மட்டும் மனப்பாடம் செய்தோமே, அதே பத்துப்பாட்டு நூல்தான். 583 அடி. பாடியவர் பெருங்கௌசிகனார், பாட்டுடைத் தலைவன் நம் செங்கத்தை ஆண்ட நன்னன். அதில் வருகிற நவிர மலை இதுதான் என்று இந்தப் பக்கத்தில் தமிழ் படித்தவர்கள் சொல்வார்கள். அந்த மலையில் நஞ்சுண்ட கடவுள் உறைவதாகப் புலவர் பாடியிருக்கிறார். அப்படியானால் சங்க காலத்திலேயே இது சிவன் மலை. இப்போதிருக்கிற கட்டடமே அவ்வளவு பழசு என்று மட்டும் யாராவது சொன்னால் நம்பாதே.

பரிசில் வாங்கி வந்த கூத்தன் எதிரே வருகிற கூத்தனுக்கு வழி சொல்கிறான், அவ்வளவுதான் பாட்டு. ஆனால் என்ன அக்கறை! பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், பாம்பு இருக்கும், தினைப்புனம் காப்பவர்கள் கவண்கல் எறிவார்கள், மரத்தின் பின்னால் ஒதுங்கிப் போங்கள் என்கிறான். பாசி படிந்து வழுக்கும் இடத்தில் மெல்லிய மூங்கிலையும் நாணலையும் பிடித்துக்கொண்டு நட என்கிறான். நாணலுக்குப் பதில் இப்போது சங்கிலி இருக்கிறது, வேறென்ன?

பௌர்ணமியில் மட்டும் வராதே தம்பி. கூட்டம் நெரியும், கடப்பாறைப் பாறையில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் முட்டிக்கொண்டு நிற்பார்கள். மழை பெய்திருந்தால் அடிவாரத்தோடு திரும்பிவிடுவோம், பிடிவாதம் பிடிக்கக் கூடாது. சின்னவனைக் கடப்பாறைப் பாதையில் ஏற்றுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன், அவனும் நானும் கீழே பச்சையம்மன் கோயிலில் இருக்கிறோம். வனத்துறை மலையேற நேரக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது, அதனால் விடியற்காலையிலேயே கிளம்பவேண்டும். தண்ணீர் நிறைய எடுத்துக்கொள், காலிப் பாட்டிலைக் கீழே கொண்டுவந்து சேர். தேதியை முடிவு செய்து உடனே எழுது, இங்கே ஆட்டோவுக்குச் சொல்லி வைக்கவேண்டும்.

அன்புடன்,
அக்கா