முதுகிலே ஒரு பை

1955ஆம் ஆண்டு யூலை மாதம் 17ஆம் நாள், கலிபோர்ணியாவில் அனகைம் என்னும் ஊரிலே, வால்ற் டிஸ்னி என்பார் தமது கனவுப் பூங்காவின் கதவுகளைத் திறந்தார். ஓராண்டுக்கு முன்வரை தோடை மரங்கள் நின்ற நிலம் அது. அன்றைய வெயிலோ சொல்லுந்தரமன்று. புதிதாக இட்ட தார் இளகிப் பெண்மணிகளின் குதியுயர்ந்த பாதணிகள் அதனுட் புதைந்தன. குழாய் வேலையாட்களின் வேலைநிறுத்தத்தால், கழிப்பிடங்களையும் குடிநீர்க் குழாய்களையும் ஒருங்கே முடிக்க இயலாது போகவே, டிஸ்னி கழிப்பிடங்களையே தேர்ந்தார். போலிச் சீட்டுகளுடன் நுழைந்தோரும் சேர, 28,000 பேர் வரையில் திரண்ட அக்கூட்டத்திலே தண்ணீருக்குத் தவித்தோர் பலர். ஒரு போத்தல் நீரைத் தோளிலே தொங்கவிட்டுச் சென்றவர் எவரேனும் இருந்திருப்பின், அன்றைக்கு அவரே அரசர்!

இப்பூங்காவைப் பார்த்துவந்து எழுதுவோர் கோட்டையை எழுதுவர். இராக்கால வாணவேடிக்கையை எழுதுவர். விடுமுறையொன்றில், லொஸ் ஏஞ்சலிஸ் அருகே வாழும் உறவினர் அழைக்க, குடும்பமாக அங்கு சென்றுவந்த நாம், அவற்றை விடுத்து, காலை முதல் இரவு வரை எம்மோடு வந்த முதுகுப்பையைப் பற்றியே எழுதப் புகுகின்றோம். ஏனெனில், டிஸ்னிலாந்தில் ஒரு நாள் இனிதாவதும் இன்னாதாவதும் பெரிதும் அப்பையைப் பொறுத்ததே.

வாயிலிலேயே அதற்கு முதற் சோதனை. ஒவ்வொரு பையையும் காவலர் பார்க்கின்றனர். 2015ஆம் ஆண்டின் இறுதி தொடக்கம் உலோகங்காணும் பொறிகளும் உண்டு. நீளம் 61, உயரம் 46, அகலம் 38 சதமமீற்றருக்கு மேற்பட்ட பைகளுக்கு அனுமதியில்லை. கண்ணாடிப் போத்தலுக்கும் தடை. குழந்தையுணவுக்கான சிறு புட்டிகளுக்கு மாத்திரம் விலக்குண்டு. மாமியார் யாழ்ப்பாணத்திலிருந்து காத்துக் கொணர்ந்த தேசிக்காய் ஊறுகாய், இதன் காரணமாக முதல்நாளிரவே பிளாஸ்ரிக் டப்பாவுக்குக் குடிபெயர்ந்தது.

சைவ உணவினருக்கு மகிழ்ச்சி தரும் செய்தியொன்றுண்டு. சூடாக்க வேண்டாத உணவைத் தத்தம் குடும்பத்துக்கெனக் கொண்டுசெல்ல இப்பூங்காவில் தடையில்லை. 1983இல் யப்பானில் தொடங்கிய டோக்கியோ டிஸ்னிலாந்திலோ வழக்கம் வேறு. வீட்டுச் சோற்றை வாயிலுக்கு வெளியே அதற்கென அமைந்த இடத்திலிருந்து உண்டுவிட்டே உள்ளே செல்லல் வேண்டும். அனகைமில் நாம் புளிச்சோற்றுப் பொதியை மரநிழலிலே அவிழ்த்தபோது அருகிலிருந்த அமெரிக்கக் குடும்பத்தார் எம்மை நோக்கிப் புன்னகை செய்தனர். மணம் அத்தகையது!

பையிலே எவற்றை இடுவது என்பதில் பெரியதொரு விவாதம் நிகழ்ந்தது. ஒரு லீற்றர் நீரின் நிறை ஒரு கிலோகிராம் என்பதைக் கீழ்வகுப்பு மாணவனும் அறிவான். ஆயினும், அறுவருக்கு ஆறு போத்தல் என்று வீட்டார் அடுக்கத் தொடங்கும்போது, அவ்வறிவு எவருக்கும் நினைவில் வருவதில்லை! உணவுச் சாலைகளிலே கேட்போர்க்குப் பனிக்கட்டியிட்ட நீரைக் குவளையிற் காசின்றித் தருகின்றனர். குடிநீர்க் குழாய்களும் இன்று எங்கணும் உள. ஆகவே, இரண்டு போத்தல்களே போதும் என்று தீர்ந்தது. தொப்பிகள், வெயிலுக்குப் பூசும் களிம்பு, குதிகால் உரசுமிடத்தில் ஒட்டப் பிளாஸ்டர், மாற்றுக் காலுறைகள், நுழைவுச்சீட்டைத் தன்னகத்தே கொண்ட கைத்தொலைபேசிக்கு உயிரூட்ட ஒரு மின்கலம், இராக்குளிருக்குக் கம்பளிச் சட்டைகள், பயற்றம்பணியாரம் ஒரு பொதி. இவ்வளவே. பாரமானவை முதுகை ஒட்டியும், பட்டிகள் இரண்டும் தோள்களிற் பொருந்தியும் இருத்தல் வேண்டும். புத்தகப் பையை ஒரு தோளிலே தொங்கவிட்டு ஒருபுறம் சாய்ந்து வரும் எம் மாணவர் இதனைக் கருதுவாராக.

இனி, முக்கியமான பகுதிக்கு வருவோம். எந்தப் பயணத்திலும் மூட்டைக்குக் காவலாக ஒருவர் அமர்வது எங்கள் வழக்கம். கோயிற்றிருவிழாவிலும் செருப்புக்கும் குடைக்கும் ஒரு காவலாளர் உண்டு. அவர் பெரும்பாலும் தாயார், அன்றேல் பாட்டியார். இங்கும் முதல் வரிசையை அணுகியதுமே மாமி ஒரு வாங்கிலே அமர்ந்துவிட்டார்.

"நீங்கள் எல்லாரும் போய் ஏறுங்கோ. நான் பையோடை இதிலை இருக்கிறன்."

எழுபது வயதை நெருங்கும் அவர், கதிர்காமத்திலும் காலிமுகத் திடலிலும் இவ்வாறே இருந்தவர். பத்தாயிரம் மைல் கடந்து வந்தும் ஒரு பைக்குக் காவலோ என்று எமக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. உண்மையில், பையைக் காக்க ஒருவர் நிற்பது இப்பூங்காவிலே அவசியமன்று. மோதிரம் போல் மனிதனோடு பையும் வண்டியேறுகின்றது. 1959இல் அமைந்த மற்றர்ஹோர்ன் மலையிலே, 147 அடி உயரமான அச்செயற்கைச் சிகரத்தினுள்ளே, குழாய் வடிவ உருக்குத் தண்டவாளத்தில் விரையும் வண்டியிலும், காலடியிலே பையை வைத்துக்கொள்ளலாம். சிறு குழந்தையோடு வருவோருக்கும் நல்லதோர் ஒழுங்குண்டு: பெற்றோருள் ஒருவர் குழந்தையோடு நின்று, மற்றவர் திரும்பியபின், முழு வரிசையிலும் மீண்டும் நில்லாமலே ஏறலாம். பெட்டகங்களும் வாடகைக்குக் கிடைக்கும்; ஆனால் ஒவ்வொரு தேவைக்கும் பூங்காவின் முகப்புக்கு நடந்து திரும்பக் கால் வேண்டுமே!

இவற்றையெல்லாம் நாம் விரிவுரை போல் எடுத்துரைத்தோம். மாமி அசைந்தாரில்லை. இளைய பேத்தி வந்து கையைப் பற்றி, "அம்மம்மா, பைக்கும் இடம் இருக்குதாம், வாங்கோ" என்றாள். அவர் எழுந்துவிட்டார்.

முதலிலே, 1964இல் நியூயோர்க் உலகக் கண்காட்சிக்கென ஆக்கப்பட்டு 1966இல் இங்கு வந்த பொம்மையுலக ஓடம். பல தேசத்துக் குழந்தைப் பொம்மைகள் பாடியாடுவதை மடியிலே பையுடன் அமைதியாகப் பார்த்துவந்தார். அதனால் துணிவு பெற்று, 1967இல் திறந்த கடற்கொள்ளையர் ஓடத்திலும் ஏறினார். ஓடத்தின் அடியிலே நீர் தேங்குவதுண்டாதலால் இங்கும் பை மடியிலேயே இருந்தது. இருளிலே ஓடம் சட்டென்று கீழே சரிந்தபோது, "முருகா!" என்றொரு குரலும் அதனைத் தொடர்ந்து ஒரு சிரிப்பும் கேட்டன. அவ்வாறு அவர் சிரித்து நாம் கேட்டது அரிது. கரையேறியதும், "அடுத்தது எது?" என்றார்.

பிற்பகலிலே கால்கள் தளர்ந்தன. பூங்காவைச் சுற்றிவரும் நீராவிப் புகைவண்டியில் ஏறிப் பையையும் உடலையும் ஒருங்கே இறக்கினோம். பணியாரப் பொதி அவ்விடத்திலேயே முடிவுற்றது.

இருட்டியதும் குளிர் வந்தது. பகலெல்லாம் கொதித்த ஊரா இது என்று வியக்குமளவுக்கு வந்தது. கம்பளிச் சட்டைகள் ஒவ்வொன்றாக வெளியேற, பை சுருங்கியது. வெறும் போத்தல் இரண்டு, பூங்காவின் வரைபடம் ஒன்று, ஊறுகாய் டப்பா ஒன்று. அதனைப் பேத்தி தன் முதுகிலே மாட்டிக்கொண்டு, அம்மம்மாவின் கையைப் பிடித்தபடி, எமக்கு முன்னே வாயிலை நோக்கி நடந்தாள்.