ஒரு பிரதி, ஒன்பது கணினிகள்

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்து வாசிகசாலைக்கு ஒவ்வொரு பத்திரிகையிலும் ஒரு பிரதிதான் வரும். அந்த ஒரு பிரதியை இரவு கதவு பூட்டும் வரை ஐம்பது பேராவது படித்துவிடுவார்கள். 1990களில், பொருளாதாரத் தடையின் காரணமாக யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் கோடிட்ட அப்பியாசக் கொப்பித் தாள்களிலும் அச்சான காலத்தில், மாலையாகும்போது பிரதியின் மடிப்புகள் கிழிந்து நான்கு துண்டுகளாகியிருக்கும். ஐம்பது பேருக்கும் ஐம்பது பிரதி வேண்டும் என்று எவரும் கேட்டதில்லை. (பத்திரிகை நிறுவனங்களின் விற்பனைப் பிரிவினர் இவ்வழக்கத்தை எந்த அளவுக்கு வெறுத்தார்கள் என்பதை முப்பது ஆண்டுகள் இத்தொழிலில் இருந்தவன் என்ற வகையில் நான் அறிவேன்.)

லினக்ஸ் கணினிகளை இற்றைப்படுத்துவது பற்றி எழுதப் புகுந்தவன் வாசிகசாலையைப் பற்றி எழுதுகிறானே என்று வாசகர்கள் எண்ணலாம். இரண்டும் ஒரே கட்டடத்தில் உள்ளன என்பதே காரணம். புலம்பெயர்ந்த ஊரவர்கள் அனுப்பிய பழைய கணினிகள் ஒன்பது, பத்திரிகை மேசைக்கு அப்பாலுள்ள அறையில் இருக்கின்றன. அனைத்திலும் டெபியன் லினக்ஸ் இயங்குகிறது. உயர்தர மாணவர்கள் பரீட்சைப் பெறுபேறு பார்ப்பதும், ஓய்வூதியர்கள் வங்கிக் கணக்கைத் திறப்பதும், ரொறன்ரோவிலுள்ள மகளுடன் தாயொருத்தி முகம் பார்த்துப் பேசுவதும் அவற்றில்தான்.

இணைய இணைப்புக்கு மாதாந்த வரையறை உண்டு. ஒன்பது கணினிகளும் ஒரே பயர்பொக்ஸையும், ஒரே லிப்ரே ஒபிஸையும், ஒரே கருனியையும் தனித்தனியே ஒன்பது தடவை தரவிறக்கினால் மாதம் முடியுமுன்னரே டேட்டா முடிந்துவிடும். மாணவர்கள் முணுமுணுத்தார்கள். நிர்வாக சபை கூடி எடுத்த முடிவு, இற்றைப்படுத்தலை நிறுத்திவைப்பது என்பதாகும். பணத்தைப் பொறுத்தவரை அதில் தவறில்லை. ஆனால் பாதுகாப்புத் துவாரம் அடைபடாத உலாவியில்தான் அந்த ஓய்வூதியர் தமது கடவுச்சொல்லைத் தட்டிக்கொண்டிருந்தார். கணினி பழுதடைந்தால் கண்ணுக்குத் தெரியும். பாதுகாப்பற்றுப் போனால் தெரிவதில்லை.

இதற்கு உலகில் பலர் ஏற்கெனவே கண்ட தீர்வு ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் கேஷிங் புரொக்சி என்கிறார்கள். நான் தேக்கிடம் என்று எழுதுகிறேன். எடுவார்ட் புளொக் என்ற டெபியன் நிரலாளர் எழுதிய ஆப்ட்-கேஷர்-என்ஜி என்ற மென்பொருளை ஒரு கணினியில் நிறுவ வேண்டும். அது 3142 என்ற துறையில் காத்திருக்கும். (கணிதத்தில் வரும் பையின் பெறுமானம் நினைவுக்கு வருகிறதல்லவா!) ஏனைய கணினிகளில் ஒரே ஒரு வரி கொண்ட சிறு கோப்பை எழுதி, பொதி எது வேண்டுமாயினும் அந்த முகவரியில் கேள் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. முதற் கணினி ஒரு பொதியைக் கேட்கும்போது தேக்கிடம் அதை இணையத்திலிருந்து எடுத்துக் கொடுத்து, தனது வன்தட்டிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்கிறது. இரண்டாவது கணினி கேட்கும்போது அந்தப் பிரதியே போகிறது, இணையத்துக்கு வேலையில்லை.

டெபியனின் பொதி ஒவ்வொன்றின் கோப்புப் பெயரிலும் பதிப்பெண் அடங்கியுள்ளது. ஆகவே ஒரே பெயருள்ள கோப்பின் உள்ளடக்கம் பின்னர் மாறுவதில்லை. ஒருமுறை எடுத்தது எப்போதும் செல்லும். நாள்தோறும் மாறுவது பொதிகளின் அட்டவணை மட்டுமே. அதை மாத்திரம் தேக்கிடம் மீண்டும் மீண்டும் விசாரித்துப் புதுப்பிக்கிறது. கலைப்பீடத்தில் படித்த எனக்கு இது எளிதாகவே விளங்கியது.

2025 ஆகஸ்ட் 9ஆம் திகதி டெபியன் 13 வெளியானது. சில வாரங்கள் கழித்து எங்கள் கணினிகளைத் தரமுயர்த்தினோம். ஒரு கணினிக்கு ஏறத்தாழ ஒன்றரை கிகாபைட் தேவைப்பட்டது. முதற் கணினியை மட்டும் இரவில் தொடங்கிவிட்டுப் போனோம். மறுநாள் அதில் தமிழ்த் தட்டச்சும் அச்சுப்பொறியும் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்த்த பின்னரே மற்றவற்றைத் தொட்டோம். அவற்றுக்கு வேண்டிய பொதிகள் யாவும் அறைக்குள்ளேயே இருந்தமையால், இணையத்துக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஏழு கணினிகள் மேலேறின. எஞ்சிய இரண்டும் 32 பிட் இயந்திரங்கள். அவ்வகைக்குரிய கருனியும் நிறுவியும் டெபியன் 13இல் இல்லை. எனவே அவை 12இலேயே நிற்கின்றன. தேக்கிடமாக இருப்பது அவற்றில் ஒன்று. நூலகப் பொறுப்பை வயோதிபரிடம் கொடுப்பது போலத்தான்.

அன்று உதவிக்கு வந்த பல்கலைக்கழக மாணவன் ஒருவன் கேட்ட கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. “மாமா, நடுவில நிக்கிறவன் பொதியை மாத்திக் குடுத்தா எங்களுக்கு எப்பிடித் தெரியும்?” அதுவும் எங்கள் தேக்கிடம் பூட்டுப் போடாத எச்டிடிபி வழியில்தான் பேசுகிறது. எச்டிடிபிஎஸ் வழியாக வருவதை அதனால் திறந்து பார்த்துச் சேமிக்க இயலாது.

செய்தித்துறையில் நடுவில் நிற்பவர்களைப் பற்றி எனக்கு அனுபவம் உண்டு. நிருபர் தொலைபேசியில் சொன்னதற்கும், மறுநாள் அச்சில் வந்ததற்கும் இடையில் எத்தனை கைகள்! டெபியன் இதை வேறு விதமாகத் தீர்த்திருக்கிறது. அட்டவணைகளின் சரிபார்ப்பு எண்களைக் கொண்ட கோப்புக்கு இலத்திரனியல் கையொப்பம் இடப்படுகிறது. அட்டவணையில் ஒவ்வொரு பொதிக்குமான சரிபார்ப்பு எண் இருக்கிறது. கையொப்பத்தைச் சோதிக்கும் திறவுகோல் நம் கணினியிலேயே உள்ளது. இடையில் எவராவது ஓர் எழுத்தை மாற்றினாலும் எண் பொருந்தாது. கணினி பொதியை ஏற்க மறுக்கும். 2007இல் வந்த டெபியன் 4 முதல் இது நடைமுறையில் உள்ளது. ஆகவே பொதியைக் கொண்டுவருபவர் நம்பிக்கைக்குரியவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஆனாலும் அந்த மாணவனின் ஐயம் வெறுமையானதன்று. 2019 ஜனவரியில் மக்ஸ் ஜஸ்ரிச் என்ற ஆய்வாளர், ஆப்ட் கருவியிலேயே ஒரு துவாரத்தைக் கண்டுபிடித்தார். வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் செய்தியைக் கையாளும் இடத்தில், நடுவில் நிற்பவர் சரிபார்ப்பு எண்ணையே பொய்யாகப் புகுத்த வழியிருந்தது. உடனடியாகத் திருத்தப்பட்டது, அந்தத் திருத்தமும் இற்றைப்படுத்தலாகவே வந்தது. இற்றைப்படுத்தலை நிறுத்தி வைத்திருந்தவர்களிடம் துவாரம் அப்படியே இருந்தது. அதைவிடப் பெரிய சேதி, 2024 மார்ச் 29ஆம் திகதி அண்ட்ரெஸ் புரொய்ண்ட் வெளிப்படுத்திய எக்ஸ்இசட் விவகாரம். அங்கே நஞ்சு மூலத்திலேயே கலந்திருந்தது. கையொப்பமெல்லாம் சரியாகவே இருந்தது. நல்லவேளை, அது டெபியனின் நிலையான பதிப்பைச் சேரவில்லை. இலச்சினை, செய்தியை யார் அச்சிட்டார் என்பதைச் சொல்லும். செய்தி மெய்யா என்பதைச் சொல்லாது.

என்னை இப்போது உறுத்துவது வேறு. மென்பொருளை வழங்குவோர், ஒவ்வொரு கணினியும் நேரே தங்கள் கடைவாசலுக்கு வரவேண்டும் என்று விரும்பத் தொடங்கிவிட்டனர். உபுண்டு 22.04 முதல் பயர்பொக்ஸ், ஸ்னாப் என்ற வடிவில் வருகிறது. இது ஆப்ட் வழியாக வராமையால் எங்கள் தேக்கிடத்தில் தங்குவதில்லை. அடிக்கடி இற்றைப்படுத்த வேண்டிய உலாவியே இவ்வாறு வெளியே போய்விட்டால், ஒன்பது கணினிகளும் மறுபடியும் ஒன்பது தடவை தரவிறக்கும். வரம்பற்ற இணைப்புள்ள ஊர்களில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது ஒரு பொருட்டாகத் தெரியாது போலும். முன்னொரு காலத்தில், 2011 வரை, இதே உபுண்டுவின் நிறுவனம் கேட்டவர்க்கெல்லாம் இலவசமாக இறுவட்டுகளைத் தபாலில் அனுப்பியது. இலங்கையில் பலர் லினக்ஸை முதலில் கண்டதே அந்த உறையைப் பிரித்துத்தான்.

அயலூர்ப் பாடசாலை ஒன்றின் ஆசிரியை, தங்கள் கணினி அறையிலும் இவ்வாறு செய்யலாமா என்று சென்ற கிழமை கேட்டார். அங்கே உபுண்டு, மின்ட், டெபியன் மூன்றும் கலந்திருக்கின்றன. முதலில் எல்லாவற்றையும் ஒரே இயங்குதளத்துக்கு, ஒரே பதிப்புக்கு மாற்றுங்கள் என்றேன். இல்லையேல் தேக்கிடத்தில் மூன்று விதப் பொதிகள் குவியுமேயன்றி மிச்சம் பெரிதாக இராது. டெபியனிலும் லினக்ஸ் மின்டிலும் பயர்பொக்ஸ் இன்னும் சாதாரணப் பொதியாகவே வருகிறது. இரண்டில் எது என்பதை அவர் மாணவர்களிடம் கேட்டு முடிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.