மேட்டூரில் இன்று எத்தனை அடி?

பேப்பரைப் பிரித்தால் என் கண் முதலில் போவது மேட்டூர் நீர்மட்டத்துக்குத்தான். சென்னையில் வேலை, வீடு, பிள்ளைகள் என்று ஆகி முடி நரைத்தும் இந்தப் பழக்கம் போகவில்லை.

120 அடி தொட்டால் டெல்டாவுக்கு நிம்மதி. மேட்டூர்ப் பக்கத்துக்காரர்களான எங்களுக்கு அது பதினாறு கண் மதகு திறக்கப் போகிற சேதி. உபரிநீர் நுரைத்துக்கொண்டு பாய்வதைப் பார்க்க ஊரே திரளும். சாரலில் சட்டை நனையும், அம்மா காலரைப் பிடித்த பிடியை விடமாட்டாள். அணை முனியப்பன் கோவிலில் கிடா வெட்டி அங்கேயே சமைப்பார்கள். பூங்காப் பக்கம் வறுபடும் மீன் இன்னும் நாக்கில் நிற்கிறது.

1934இல் கட்டி முடித்த அணை, 93.47 டிஎம்சி கொள்ளும். மழை கைகொடுத்த வருஷத்தில் ஜூன் 12 அன்று திறப்பார்கள். மேட்டூரில் மின்சாரம் கொடுத்த தண்ணீர் சும்மா போகாது. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை என்று கதவணைக்குக் கதவணை சுழலியைச் சுற்றிவிட்டுத்தான் தஞ்சாவூர் நெல்லுக்குப் போய்ச் சேரும். வீராணம் வழியாக என் வீட்டுக் குழாய்க்குக்கூட அதில் கொஞ்சம் வருகிறது.

ஆனால் எனக்கு ஏக்கம், நிரம்பிய அணைமேல் இல்லை, வற்றிய அணைமேல்.

மட்டம் 70 அடிக்குக் கீழே இறங்கினால் பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோவில் நந்தி வெளியே வரும். அதற்கு முன்பே பழைய கிறிஸ்தவக் கோபுரம் தலைகாட்டியிருக்கும். வெடித்த வண்டலில் நடந்து போய் நந்தியைத் தொட்டால் உள்ளங்கையில் காய்ந்த சேறு மாவாக ஒட்டும். ஈரம் மிச்சமிருக்கும் இடத்தில் யாராவது கம்பு விதைத்திருப்பார்கள். சிறுமியாக இருந்தபோது அணைக்காக அங்கிருந்து மூட்டை கட்டிய பாட்டி, வெறும் மண்ணைக் காட்டி, "அதா கண்ணு, அங்கதான் எங்க களம். இந்தப் பக்கம் புளியமரம்" என்பாள். எனக்கு ஒன்றும் தெரியாது. அவளுக்கு வாசற்படி வரைக்கும் தெரிந்தது. தண்ணீர் ஏறிவிட்டால் அந்தப் பேச்சே எடுக்கமாட்டாள்.

பாட்டி போய் வெகுகாலமாகிறது. ஆபீசில் என் பக்கத்து மேஜைக்காரர் மன்னார்குடி. ஊரில் நிலம் இருக்கிறது. மட்டம் குறையக் குறைய அவருக்குப் பேச்சு குறையும், எனக்கோ பண்ணவாடிக்கு பஸ் ஏறத் தோன்றும். "நந்தி தெரியுதாம்" என்று இதுவரை அவரிடம் நான் வாய் திறந்ததில்லை.